பேதி உப்பு டப்பாவில் சர்க்கரை

மார்ச் 3, செவ்வாய்

இன்று முழுக்கத் தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டு. பள்ளியை விட்டு ஓய்வு பெற்றவர், என்னிடம் பல் செட்டுக்கு அளவு கொடுத்திருக்கிறார். மெழுகில் பல்லை வரிசையாகப் பதித்து, கல்யாண மாப்பிள்ளைக்குச் செய்வது போல் அழகாகச் செய்து காட்டினால், கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "இது என் வாய் இல்லம்மா" என்கிறார். முன்பல் இரண்டுக்கும் நடுவே அவருக்கு ஓர் இடைவெளி இருந்ததாம். அது வேண்டுமாம்.

"பொய்ப்பல்லுதானே சார், அதுல எதுக்கு ஓட்டை?"

"பொய்யா இருந்தாலும் என் பொய்யா இருக்கணும்ல?"

இந்த மனிதரிடம் படித்த பிள்ளைகள் பாவம். பல்லைப் பிடுங்கி மறுபடி மெழுகில் நட்டேன். கையெல்லாம் பிளாஸ்டர் மாவு. அந்த நேரம் பார்த்து அப்பாவிடமிருந்து போன்.

"வாலு, மல்லனைக் காணோம்."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பாவுக்கு இன்னும் நான் வாலுதான்.

"யார் எடுத்தா?"

"உங்கண்ணி. மல்லன், ராணி, முயல், எல்லாத்தையும் பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிக் கொடுத்துட்டா. நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள."

சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். டப்பாக்களைச் சொல்கிறார் என்று தெரியாமல் வேறு யாராவது ஒட்டுக் கேட்டிருந்தால் அங்கே ஆள் கடத்தல் நடந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 4, புதன்

ராத்திரி தூக்கத்தில் டப்பாக்களாக வந்தன. எழுதிவிட்டால் போய்விடும்.

அப்பா மளிகைக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதி. கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் எடுப்பார். ஒடுங்கிய டின்னையும் லேபிள் கிழிந்த டின்னையும் கடைக்காரர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். அதெல்லாம் வீட்டுக்கு வரும். ஒடுங்கல் இல்லாத டின்னை நான் பத்து வயது வரை கண்டதில்லை. கடைகளில் இருப்பவைதான் ஏதோ வீங்கிப் போனவை என்று நினைத்திருந்தேன்.

அண்ணனுக்குச் சின்ன வயதில் ஒரு வியாதி: ஸ்பூன். எங்கே இனிப்பு இருந்தாலும் ஒரு ஸ்பூனோடு போய் நிற்பான். விமானம் மால்ட் டப்பாவை அம்மா எந்தப் பரணில் வைத்தாலும், மத்தியானத்துக்குள் பாதி காலி. மேலுதட்டில் பழுப்பு மீசை. அடித்துப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கடைசியில் இடத்தை விட்டுவிட்டு டப்பாவை மாற்றினாள். மால்ட் போய் நட்சத்திரம் சலவை சோடா டின்னில் உட்கார்ந்தது. சர்க்கரை, மல்லன் பேதி உப்பு டின்னுக்குக் குடிபோனது. கையை மடக்கிப் புஜம் காட்டிக்கொண்டு ஒரு மல்லன், அவன் தலைக்கு மேலே வளைவாக, 'இரவில் ஒரு ஸ்பூன், காலையில் நிம்மதி'. அந்த டப்பா பக்கம் அண்ணன் தலைவைத்துப் படுக்கவில்லை.

பிறகு அம்மாவுக்கு அதில் ருசி தட்டிவிட்டது. குடைக்காரி டீத்தூள் டின்னில் காப்பித்தூள். அன்னம் பால்பவுடரில் உப்பு. முயல் பிஸ்கட் டின்னில் பொத்தான்கள். வீட்டுக்கு வரும் எந்தப் பிள்ளையும் அந்த டின்னை ஆசையோடு திறக்கும். அந்த முகத்தைப் பார்க்க நானும் அண்ணனும் வரிசையில் நிற்போம். ராணி முகப்பவுடர் டின்னில் மிளகுத்தூள், மூடியில் ஓட்டை இருப்பது தோதாக இருந்ததால். பக்கத்து வீட்டு டீச்சர் ஒருமுறை அவசரத்துக்கு எடுத்து முகத்தில் பூசிக்கொண்டார். அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

ஆனால் சித்தப்பா கதையைப் பேசாமல் இருக்க முடியாது. வந்த இடத்தில் அவருக்கு மூன்று நாளாக வயிறு கட்டிக்கொண்டது. சொல்லக் கூச்சம். யாரும் பார்க்காதபோது மல்லனிலிருந்து இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் குடித்திருக்கிறார். மறுநாள் காலையில் முகம் பூவாக மலர்ந்து அம்மாவிடம் வந்து, "அண்ணி, என்ன மருந்து இது, தேனா இனிக்குது" என்றார். அப்புறம் எப்போது வந்தாலும் அவருக்கு அது வேண்டும். வெறும் சர்க்கரை. அம்மா கடைசி வரை காட்டிக் கொடுக்கவில்லை.

மார்ச் 7, சனி

அப்பா வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் வழக்கம் போல இரண்டாவது மாடியில் நின்று யோசித்தது.

சமையலறை மருந்துக்கடை மாதிரி இருக்கிறது. ஒரே அளவில் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் அச்சடித்த வெள்ளைச் சீட்டு: சர்க்கரை. உப்பு. காப்பித்தூள். அண்ணியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரிலிருந்து வந்த இடத்தில் ஒரு நாள் முழுக்க நின்று, தேய்த்துக் கழுவி, நல்லது என்று நினைத்துச் செய்திருக்கிறார். துருப்பிடித்த டின்னும் அதில் தப்புத்தப்பான பேரும் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் கை துறுதுறுக்கும்.

அப்பா எனக்குக் காப்பி போடப் போனார். கை தானாக மேல்தட்டின் இடது மூலைக்குப் போனது, மல்லன் இருந்த இடத்துக்கு. அங்கே கிராம்பு. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"இது யார் வீட்டு அடுப்படி, வாலு?" என்றார்.

வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அம்மா போய் ஒன்பது மாதம் ஆகிறது. டப்பாக்கள் இருந்தவரை அவள் பக்கத்து அறையில் இருப்பது போல ஓர் ஏமாற்று நடந்துகொண்டிருந்தது.

மார்ச் 9, திங்கள்

அண்ணன் போன். குரலைத் தாழ்த்திப் பேசினால் ஆள் சீரியஸ் என்று அர்த்தம்.

"நேத்து அப்பாவைப் பார்க்கப் போனோம். காப்பி கொடுத்தாரு. பூரா உப்பு."

"தெரியாம போட்டிருப்பாரு."

"ஜாடியில கொட்டை எழுத்துல ஒட்டியிருக்கு. அதைப் பார்த்துக்கிட்டே அள்ளிப் போட்டாரு. நானே பார்த்தேன். உங்கண்ணி கார்ல ஏறினதும் அழுதுட்டா. இனிமே அவரைத் தனியா விட முடியாது."

ஞாபகமறதி டாக்டரிடம் பேசிவிட்டானாம். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் 27-ஆம் தேதி வீட்டுக்கே வருவார். ஒரு காப்பி போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்ப்பார். தனியாக இருக்க முடியாது என்று அவர் எழுதிக் கொடுத்தால், வீட்டைக் காலி செய்து அப்பாவை அண்ணன் தன் ஊருக்குக் கூட்டிப் போய்விடுவான். மாடியில் அறை தயார். ஏசி கூடப் போட்டாகிவிட்டது.

அண்ணன் கெட்டவன் இல்லை. பயந்திருக்கிறான். அவனுக்கே சர்க்கரை வியாதி. அவன் சாப்பாட்டை அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார். அந்தக் காவலில் இரண்டாவது கைதியாக அப்பாவும்.

என் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்தான். ஒன்றரை அறை, அதில் அரை அறை பல்.

மார்ச் 10, செவ்வாய்

உப்புக் காப்பி. நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் ஒரு சந்தேகம். நிஜமாகவே மறந்துவிட்டாரோ?

மார்ச் 14, சனி

அப்பா காப்பி போட்டுக் கொடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஜாடியாகச் சீட்டைப் படித்து, அடுத்தவர் கடையில் சரக்கு எடுப்பது போல மெதுவாகத்தான். ஆனால் சர்க்கரை அளவு அச்சு அசல்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். மின்விசிறியைப் பார்த்தார். எனக்குப் பொறி தட்டியது.

"அப்பா. அண்ணிக்கு வேணும்னேதானே உப்பைப் போட்டீங்க?"

விசிறி ஓடவே இல்லை. அதை என்ன அப்படிப் பார்ப்பது?

"கொட்டை எழுத்துல எழுதி ஒட்டத் தெரிஞ்சவங்களுக்கு, டம்ளர்ல இருக்கறது என்னன்னு தெரியுதான்னு பார்த்தேன்" என்றார்.

அடப்பாவி மனுஷா. எழுபத்தெட்டு வயது. நான் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"துப்பிடுவா, சண்டைக்கு வருவா, 'என்ன மாமா இது'ன்னு கேப்பா, நானும் என் டப்பாவைக் கேக்கலாம்னு பார்த்தேன். அவ முழு டம்ளரும் குடிச்சா, வாலு. மூஞ்சி கூடச் சுளிக்கல. 'நல்லா இருக்கு மாமா'ன்னு டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போனா."

"போன் பண்ணிச் சொல்லிடுங்க. விளையாட்டுக்குப் பண்ணேன்னு."

"மருமக கிட்டயா? டப்பாவுக்காகப் பழி வாங்கினேன்னு சொல்லவா? அதுக்கு எனக்கு மறதின்னே இருந்துட்டுப் போகட்டும்."

"மறதின்னா வீடு போயிடும்ப்பா."

இப்போது விசிறியைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார். "பக்கத்துல ஒரு ஆள் நின்னு பார்த்தா எனக்குக் கை ஓடாது. பழைய இடத்துக்கே போகும். அப்போ நிஜமாவே தப்பாத்தான் போடுவேன்" என்றார்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நாட்குறிப்பு 'யாரிடமும்' என்ற கணக்கில் வராது.

மார்ச் 15, ஞாயிறு

கை பழைய இடத்துக்குத்தான் போகும் என்றால், பழைய இடத்தில் மல்லன் இருக்க வேண்டியதுதானே? இதற்கு ஏன் ஒரு ராத்திரி யோசித்தேன்?

மார்ச் 18, புதன்

பழைய பேப்பர்காரரைப் பிடித்துவிட்டேன். ரயில் பாதைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. டப்பாவென்றதும் உஷாராகிவிட்டார். "அதெல்லாம் இப்போ ஓட்டல்ல அலங்காரத்துக்குக் கேக்கறாங்கம்மா" என்று ஆரம்பித்தார். பேசப் பேச அவர் மேல்செட்டு 'டக் டக்' என்று தாளம் போட்டது. எந்தக் கடன்காரன் செய்து கொடுத்தானோ, ஈறில் உட்காரவே இல்லை.

"அண்ணே, சாப்பிடும்போது வலிக்குதா?"

"செட்டைக் கழட்டி வெச்சுட்டுத்தான் சாப்பிடறேன்" என்றார் பரிதாபமாக.

பேரம் அங்கேயே படிந்தது. செட்டை வாங்கி வந்து, அடியில் புதுப் பூச்சுக் கொடுத்துத் தேய்த்து, சாயங்காலம் மாட்டிவிட்டேன். ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்தவர் உள்ளே போய் டப்பாக்களை அள்ளிக்கொண்டு வந்தார். குடைக்காரி, அன்னம், முயல், ராணி, நட்சத்திரம், விமானம். மல்லனை மட்டும் காணோம்.

"அது வீட்டுக்காரி எடுத்துக்கிட்டா."

அந்த அம்மாள் மல்லனை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தார். என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "திராட்சை. பசங்க கிட்ட சொல்லிடாதீங்க" என்றார். அம்மாவே எதிரில் நிற்பது போல இருந்தது. பதிலுக்கு ஒரு இருமல் மருந்து டின் தருவதாக வாக்குக் கொடுத்து வாங்கி வந்தேன்.

மார்ச் 21, சனி

தலைமையாசிரியர் இடைவெளி வைத்த செட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்து விசில் அடித்தார். சந்தோஷமாம். அந்த இடைவெளி வழியாகத்தான் விசிலே வருமாம்.

மார்ச் 26, வியாழன்

டப்பாக்கள் அத்தனையும் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, சரக்கை நிரப்பி, பழைய இடத்தில் பழைய வரிசையில் வைத்தாகிவிட்டது. விமானம் மால்ட்டை எடுத்து நிரப்பப் போனேன். "அதை விடு. அது காலியாத்தான் இருக்கணும்" என்றார் அப்பா. ஏன் என்று கேட்டால் சொல்லவில்லை.

கண்ணாடி ஜாடிகளைத் துணியில் சுற்றிக் கட்டி வைத்தேன். அண்ணியின் பொருள், ஒன்று கூட உடையக் கூடாது.

அப்பா கண்ணாடி மாட்டாமல் ஒரு காப்பி போட்டுக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் அதே காப்பிதான் வந்திருக்கும். நாளைக்குப் பயமில்லை.

மார்ச் 27, வெள்ளி

பயமில்லை என்று எழுதிய கையை உடைக்க வேண்டும்.

நர்ஸ் நல்ல மாதிரி. காலில் மெத்தென்ற செருப்பு, கையில் அட்டை. அண்ணனும் அண்ணியும் விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருந்தார்கள். அலமாரியில் டப்பாக்களைப் பார்த்ததும் அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. கதவோரம் போய் நின்றுகொண்டார்.

"ஐயா, எனக்கு ஒரு காப்பி போட்டுத் தர்றீங்களா?" என்றார் நர்ஸ்.

அப்பா பாலை வைத்தார். அடுப்பைச் சரியாகப் பற்றவைத்தார். குடைக்காரியைத் திறந்து காப்பித்தூள் போட்டார். டீத்தூள் டின்னைப் பார்த்ததும் நர்ஸின் பேனா நின்றது; எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. அப்பா கையை நீட்டி, பார்க்காமலே மல்லனை எடுத்து, 'பேதி உப்பு' என்று பெரிதாக எழுதியிருக்கும் டின்னிலிருந்து இரண்டு ஸ்பூன் அள்ளி நர்ஸின் டம்ளரில் போட்டுக் கலக்கினார்.

நர்ஸ் அட்டையில் ஏதோ எழுதினார்.

ஐயோ, நான் எவ்வளவு பெரிய முட்டாள். நாற்பது வருடமாக அந்த எழுத்து என் கண்ணில் பட்டதே இல்லை. எங்களுக்கு அது சர்க்கரை டின், அவ்வளவுதான். வெளியாள் ஒருவர் அதைப் படிப்பார் என்று எனக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவனும் இதே வீட்டில் வளர்ந்தவன்தான். ஆனால் அவனுக்கு மல்லன் என்றால் இன்றைக்கும் பேதி உப்புதான், அந்த அளவுக்கு அம்மா ஏமாற்றி வைத்திருக்கிறாள். அவன் முகத்தில் அப்பாவின் பெட்டி படுக்கையெல்லாம் கட்டி முடித்தாகிவிட்டது.

"ஐயா, இதுல என்ன எழுதியிருக்கு?" நர்ஸ் மெல்லக் கேட்டார்.

"பேதி உப்பு."

"அதையா எனக்குப் போட்டீங்க?"

"இல்லையே. சக்கரை போட்டேன்."

"அப்பா, விடுங்கப்பா" என்றான் அண்ணன். குரல் உடைந்துவிட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி கதவோரத்திலிருந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. டம்ளரை எடுத்தார். ஒரு மடக்கு, இரண்டு மடக்கு, முழுக் காப்பியையும் குடித்து முடித்தார். முன்பு அதில் சர்க்கரையை அவரே பார்த்திருந்தாலும், மாமா மறதியில் இந்தத் தடவை நிஜப் பேதி உப்பையே நிரப்பிவிட்டார் என்று நினைத்துத்தான் குடித்தார். பின்னால் என்னிடம் சொன்னார். மாமனார் போட்ட காப்பியை ஒரு வெளியாள் முன்னால் கீழே கொட்டுவதை அவரால் பார்க்க முடியவில்லையாம்.

"சக்கரைதான்" என்றார் நர்ஸிடம். பிறகு மெதுவாக, ஆச்சரியமாக, "நல்லா இருக்கு மாமா" என்றார்.

அப்பா ஸ்பூனை வைத்துவிட்டார்.

"அன்னைக்கும் அதையேதான் சொன்ன. அன்னைக்கு நான் வேணும்னே உப்பு போட்டேன்மா. என் டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டியேன்னு கோவம். எனக்கு மறதி இல்ல. கெட்ட புத்தி."

பால் பாத்திரத்தில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ்தான் முதலில் அசைந்தார். அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"இது?" அன்னம் பால்பவுடர்.

"உப்பு."

"இது?" ராணி.

"மிளகு. மூஞ்சியில பூசிக்காதீங்க."

திறந்து மோந்து பார்த்துத் தும்மினார். சோடாவில் மால்ட். முயலில் பொத்தான். ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசியாக விமானத்தைத் தொட்டார்.

"காலி" என்றார் அப்பா. "மால்ட்டை மாத்தினதுலேருந்து அது எப்பவும் காலி. என் வீட்டுக்காரி ஏற்பாடு. இவன் வந்து திறந்து, 'தீந்து போச்சு'ன்னு நினைச்சுட்டுப் போகணும்."

அண்ணன் டின்னை வாங்கித் திறந்தான். உள்ளே பார்த்தான். தலைகீழாகக் கவிழ்த்துக்கூடப் பார்த்தான்.

"எப்பவுமேவா?" என்றான். ஐம்பத்தாறு வயதுக்காரன் குரல் இல்லை அது. "நான் சாப்பிட்டுத்தான் தீந்துபோச்சுன்னு, பாவம் அம்மான்னு, எத்தனை நாள் அழுதிருக்கேன்."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. இப்படி ஒரு சமையலறையில் விட்டால் நானே தேறமாட்டேன் என்றார். இவர் தாராளமாகத் தனியாக இருக்கலாம் என்று எழுதினார். ஒரே ஒரு நிபந்தனை: மாத்திரைகள் மட்டும் அதனதன் டப்பாவில் இருக்க வேண்டும். அப்பா தயங்கி, பிறகு ஒப்புக்கொண்டார்.

கிளம்பும்போது அண்ணியிடம் ஜாடி மூட்டையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கோபமா என்று தெரியவில்லை. அண்ணி முகத்தில் எதையும் படிக்க முடியாது, அதுதான் உப்புக் காப்பியிலேயே பார்த்தோமே.

ஏப்ரல் 2, வியாழன்

பேப்பர்காரர் மனைவிக்கு இருமல் மருந்து டின் கொடுத்தேன். திராட்சைக்குச் சரியாக இருக்கிறதாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் உம்மென்று உட்கார்ந்திருந்தான். போன பரிசோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறதாம். நல்ல செய்திக்கு இப்படியா ஒரு மூஞ்சி?

சமையலறையில் அண்ணி ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தார். என்னையே காப்பி போட்டுக்கொள்ளச் சொன்னார். அலமாரியில் அந்தக் கண்ணாடி ஜாடிகள், பளபளவென்று. அடடா, இங்கே தேட வேண்டிய வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டு, 'சர்க்கரை' ஜாடியிலிருந்து இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி, ஒரு மடக்குக் குடித்தேன்.

உப்பு.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணி கத்தியை நிறுத்தவில்லை. முகத்தில் ஒரு ரேகை அசையவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு அண்ணி" என்றேன்.

அப்போதுதான் சிரித்தார். இத்தனை வருடத்தில் அண்ணி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கத்தியின் நுனியால் 'உப்பு' என்று ஒட்டியிருந்த ஜாடியைக் காட்டினார்.

"சக்கரை அதுல இருக்கு. மாத்தி வெச்சு மூணு வாரம் ஆச்சு. உங்கண்ணன் தினமும் மத்தியானம் நான் படுத்ததும் ஸ்பூனோட வர்றாரு. ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கறாரு. அப்புறம் தண்ணி குடிச்சிட்டு, பேசாம போய்ப் படுத்துக்கறாரு. யார்கிட்ட போய்ச் சொல்லுவாரு, பாவம்."

கூடத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "காப்பியில சக்கரை சரியா இருக்கா?"

அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தேகம். அப்படி ஒரு ஏக்கமும். அம்மா இருந்திருந்தால் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

"சரியா இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டு, மீதிக் காப்பியையும் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்தேன்.